கொத்து ஏவூர்திகளின் வரலாறும் கொங்கு நாடும்

கொத்து ஏவூர்தி என்பது ஒரே கட்டத்தில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ மோட்டார்களைச் சேர்த்துக் கட்டிப் பறக்கவிடப்படும் ஏவூர்தி (ராக்கெட்) ஆகும். பள்ளி மாணவர் அட்டைக் குழாயில் மூன்று சிறு மோட்டார்களைச் செருகிப் பறக்கவிடும் மாதிரி ஏவூர்தியும், ஆறு பக்க உந்திகளுடன் சந்திரயான்-1 விண்கலத்தை ஏற்றிச் சென்ற பி.எஸ்.எல்.வி.யும் இந்த ஒரே வகையைச் சேர்ந்தவை. அளவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருந்தாலும், இரண்டும் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றே: கட்டப்பட்ட மோட்டார்கள் அனைத்தும் உரிய நேரத்தில் பற்றியாக வேண்டும். இந்தியா இந்தச் சிக்கலைத் தீர்க்கக் கற்றுக்கொண்ட வரலாற்றில் பொள்ளாச்சி அருகே பிறந்த ஒரு பொறியாளருக்கும், கோவைக் கல்லூரி ஒன்றின் சிறு செயற்கைக்கோளுக்கும் தொடர்பு உண்டு.

கொத்தாகக் கட்டுவது ஏன்?

ஏவூர்தி தரையை விட்டு எழ, அதன் உந்துவிசை அதன் எடையைவிட அதிகமாக இருக்க வேண்டும். எடை கூடக் கூட விசையும் கூட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பெரிய மோட்டாரைப் புதிதாக உருவாக்குவது. மற்றொன்று, கைவசம் உள்ள, ஏற்கெனவே சோதித்துப் பார்த்த மோட்டார்களைப் பலவாகச் சேர்ப்பது. முதல் வழிக்குப் பணமும் காலமும் நிறையத் தேவை. இரண்டாம் வழி மலிவானது, விரைவானது. விண்வெளித் துறையில் அடியெடுத்து வைத்த நாடுகள் பலவும் ஏதோ ஒரு கட்டத்தில் இரண்டாம் வழியை நாடியதற்கு இதுவே காரணம்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஒரு மோட்டார் பற்றுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 95 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மோட்டார்களும் பற்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 90 ஆகிவிடும். மூன்றுக்கு 86, நான்குக்கு 81, ஆறுக்கு 74 எனக் குறைந்துகொண்டே போகும். முப்பது மோட்டார்கள் என்றால் அது 21க்கு வந்துவிடும். தனி மோட்டாருக்குப் போதுமான நம்பகத்தன்மை கொத்துக்குப் போதாது என்பதை இந்த எளிய பெருக்கல் கணக்கு காட்டுகிறது.

பழைய சான்றுகள்

பல வாணங்களை ஒன்றாகக் கட்டும் எண்ணம் பழமையானது. நாற்காலியில் 47 வாணங்களைக் கட்டிக்கொண்டு வானேற முயன்று மறைந்ததாக வான் ஹூ என்ற சீன அதிகாரியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. இது வரலாறு அன்று, கதை மட்டுமே. எழுத்துச் சான்றாகக் கொள்ளத்தக்கது, காசிமிர் சீமெனோவிச் 1650ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பீரங்கிக் கலை நூல். அடுக்கு ஏவூர்திகளும், பல வாணங்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதிகளும் அதில் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன.

கொங்கு நாடு 1799 வரை மைசூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகள் இரும்புக் குழாய்களில் மருந்து அடைத்த வாணங்களைப் போரில் பயன்படுத்தின. மூங்கில், காகிதக் குழாய்களைவிட இரும்புக் குழாய் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கியதால் அவை நெடுந்தொலைவு சென்றன. சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கைப்பற்றப்பட்ட வாணங்களே இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் உருவாக்கிய ஏவூர்திகளுக்குத் தூண்டுதலாயின. ஆயினும் மைசூர்ப் படை பல வாணங்களை ஒருசேர ஏவியது கொத்து முறை ஆகாது. அங்கே ஒவ்வொரு வாணமும் தன் போக்கில் பறந்தது. ஒன்று பற்றாவிட்டாலும் மற்றவற்றுக்குப் பாதிப்பு இல்லை. கொத்தில் அப்படி இல்லை. ஒரே உடலில் கட்டுண்டிருப்பதால் ஒன்றின் குறை மற்ற எல்லாவற்றையும் பாதிக்கும்.

மாதிரி ஏவூர்திக் கருவிப்பெட்டிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் ஏவூர்தி ஆர்வம் கொண்ட சிறுவர் பலர் வீட்டிலேயே மருந்து கலந்து விபத்துக்குள்ளாயினர். இதற்கு மாற்றாக, நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஆர்வில் கார்லைல் 1954இல் காகித உடலும் தொழிற்சாலையில் செய்த மோட்டாரும் கொண்ட மாதிரி ஏவூர்தியை உருவாக்கினார். பொறியாளர் ஜி. ஹாரி ஸ்டைன் அதைப் பரப்பினார். பாதுகாப்பு விதிகளும் எழுதப்பட்டன. வெர்னான் எஸ்டஸ் மோட்டார்களை எந்திரத்தால் பெருமளவில் தயாரித்து, உதிரிப் பாகங்களுடன் பெட்டியாக விற்கத் தொடங்கினார். மருந்தை யாரும் கையால் தொட வேண்டியதில்லை என்பதே இம்முறையின் அடிப்படை.

இந்த மோட்டார்களுக்கு எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு உண்டு. எழுத்து மொத்தக் கணத்தாக்கைக் குறிக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் மேல் எல்லை முந்தையதைப்போல் இரு மடங்கு: ஏ வகைக்கு 2.5 நியூட்டன்-வினாடி, பி வகைக்கு 5, சி வகைக்கு 10, டி வகைக்கு 20. அடுத்து வரும் எண் சராசரி உந்துவிசையை நியூட்டனில் கூறும். கடைசி எண், மருந்து எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளித்தள்ளும் சிறு வெடிப்பு நிகழ எத்தனை வினாடி ஆகும் என்பதைச் சொல்லும். எனவே "சி6-5" என்றால் சி வகை, 6 நியூட்டன் விசை, 5 வினாடித் தாமதம்.

300 கிராம் ஏவூர்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 3 நியூட்டன். ஒரு சி6 மோட்டார் அதைப்போல் இரு மடங்கு விசையை மட்டுமே தரும். பாதுகாப்பாக எழ விசை எடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. மூன்று சி6 மோட்டார்களைக் கட்டினால் விசை 18 நியூட்டன், அதாவது ஆறு மடங்கு ஆகிவிடும். பெரிய மோட்டாரைத் தேடாமலே கனமான ஏவூர்தி பறக்கத் தகுதி பெறுகிறது.

கட்டும் முறை

கொத்துக் கருவிப்பெட்டியைக் கட்டுவதில் சாதாரணப் பெட்டியில் இல்லாத சில வேலைகள் உண்டு. மோட்டார்கள் அமரும் குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டி முக்கோண வடிவில் கட்ட வேண்டும். அவை உடற்குழாயின் அச்சுக்கு இணையாகவும் நடுவை ஒட்டியும் இருக்க வேண்டும். குழாய்களுக்கு இடையே மிஞ்சும் சந்துகளைப் பசையாலும் காகிதத்தாலும் முழுமையாக அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால், பாராசூட்டைத் தள்ள வேண்டிய வாயு பின்புறம் வழியாக ஒழுகிவிடும். பாராசூட் திறக்காமல் ஏவூர்தி தலைகீழாகத் தரையில் மோதும்.

அடுத்தது சமநிலை. ஏவூர்தி நேராகப் பறக்க அதன் எடை மையம், காற்றழுத்த மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். மூன்று மோட்டார்களின் எடை வால்பக்கம் சேர்வதால் எடை மையம் பின்னே நகர்கிறது. இதைச் சரிசெய்ய மூக்குக்கூம்பில் சிறிது எடை சேர்க்கப்படும், அல்லது வால் துடுப்புகள் பெரிதாக்கப்படும். துடுப்புகளைப் பெரிதாக்குவதில் கூடுதல் பயனும் உண்டு: ஒரு மோட்டார் எரியாமல் போனால் ஏற்படும் சாய்வை அவை ஓரளவு எதிர்க்கும்.

பற்றவைத்தல்

கொத்து ஏவூர்தியின் வெற்றி பெரும்பாலும் மின்சுற்றில் தீர்மானமாகிறது. ஒவ்வொரு மோட்டாருக்குள்ளும் ஒரு மெல்லிய பற்றவைப்புக் கம்பி செருகப்படும். மின்னோட்டம் பாயும்போது அது சூடாகி மருந்தைப் பற்றவைக்கும். இக்கம்பிகளைத் தொடராக இணைத்தால், முதலில் எரியும் கம்பி அறுந்து மற்றவற்றுக்கு மின்சாரம் போகாமல் செய்துவிடும். ஆகவே அவை எப்போதும் பக்க இணைப்பில் கட்டப்படுகின்றன. அப்படிக் கட்டும்போது தேவையான மின்னோட்டம் பெருகுகிறது. ஒரு கம்பிக்கு 2 ஆம்பியர் வேண்டுமெனக் கொண்டால் மூன்றுக்கு 6 ஆம்பியர். டார்ச் விளக்கின் சிறு மின்கலங்களால் அதை ஒரே நொடியில் தர முடியாது. அதனால்தான் கொத்து ஏவுவோர் 12 வோல்ட் கார் பேட்டரியைப் பயன்படுத்துகின்றனர்.

மருந்தின் வகையும் முக்கியம். கரிமருந்து மோட்டார்கள் கம்பி சூடான உடனே பற்றிக்கொள்ளும். ரப்பர் போன்ற பிணைப்பியில் கலந்த கலப்பு மருந்துகள் கூடுதல் ஆற்றல் தந்தாலும், முழு அழுத்தத்துக்கு வரச் சற்று நேரம் எடுக்கும். அந்த நேரமும் மோட்டாருக்கு மோட்டார் மாறும். எனவே தொடக்கநிலைக் கொத்துகளுக்குக் கரிமருந்து மோட்டாரே ஏற்றது.

மூன்றில் ஒன்று பற்றாவிட்டால் என்ன ஆகும்? விசை 18 நியூட்டனிலிருந்து 12ஆகக் குறையும். அதைவிடப் பெரிய தொல்லை, அந்த 12 நியூட்டன் அச்சின் நடுவே செயல்படாது. 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள மோட்டார்களாக இருந்தால் விசைக்கோடு அச்சிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். மாதிரி ஏவூர்தியில் திசைதிருப்பும் கருவி எதுவும் கிடையாது. ஏவுகம்பியை விட்டதும் அது ஒருபக்கம் வளைந்து பறக்கும். பார்வையாளர் நிற்கும் தொலைவு கொத்து ஏவூர்திகளுக்குக் கூடுதலாக விதிக்கப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

உலகின் பெரிய கொத்துகள்

1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக்கை ஏற்றிச் சென்ற சோவியத்தின் ஆர்-7 ஏவூர்தி ஒரு கொத்தே. நடுப்பகுதி ஒன்று, பக்க உந்திகள் நான்கு. ஒவ்வொன்றின் எஞ்சினிலும் நான்கு எரியறைகள். மொத்தம் 20 எரியறைகள். பெரிய எரியறைக்குள் தீ நிலையற்றுக் கொந்தளித்ததால், வடிவமைப்பாளர் சிறிய அறைகளைப் பலவாக வைத்தனர். வானில் எஞ்சினைப் பற்றவைப்பதில் அன்று நம்பிக்கை இல்லாததால், எல்லாவற்றையும் தரையிலேயே பற்றவைத்தனர்.

அமெரிக்காவின் சாட்டர்ன்-1 ஏவூர்தியின் முதற்கட்டத்தில் எட்டு எஞ்சின்கள் இருந்தன. அதன் எரிபொருள் தொட்டிகளும்கூடப் பழைய ஏவுகணைகளின் தொட்டி அளவுகளைக்கொண்டு கொத்தாகக் கட்டப்பட்டவையே. 1963இல் நடந்த நான்காம் சோதனையில் ஓர் எஞ்சினை வேண்டுமென்றே வழியில் நிறுத்திப் பார்த்தனர். மீதி ஏழும் பயணத்தை முடித்தன. அடுத்த ஆண்டு ஆறாம் பயணத்தில் ஓர் எஞ்சின் தானாகவே நின்றபோதும் ஏவூர்தி இலக்கை அடைந்தது. சோவியத்தின் நிலவு ஏவூர்தியான என்-1இன் கதை வேறு. அதன் முதற்கட்டத்தில் 30 எஞ்சின்கள். முழுக் கட்டத்தையும் தரையில் ஒருசேர எரித்துச் சோதிக்காமலே பறக்கவிட்டனர். 1969 முதல் 1972 வரை நடந்த நான்கு பயணங்களும் தோல்வியுற்றன. எட்டு எஞ்சின்களில் ஒன்றை நிறுத்திப் பழகியவர்களுக்கும், முப்பதையும் சேர்த்து ஒருமுறைகூட எரித்துப் பார்க்காதவர்களுக்கும் இடையிலான வேறுபாடு அது.

ஏ.எஸ்.எல்.வி: இந்தியாவின் முதல் கொத்து

1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 ரோகிணிச் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அதன் திட்ட இயக்குநர். ஏறத்தாழ 17 டன் எடையுள்ள அந்த ஏவூர்தி 40 கிலோ சுமையை மட்டுமே ஏற்ற வல்லது. அதை 150 கிலோவாக உயர்த்த இஸ்ரோ தேர்ந்த வழி கொத்துதான். எஸ்.எல்.வி-3இன் முதற்கட்ட மோட்டாரை ஒத்த இரண்டு திண்ம மோட்டார்கள் பக்க உந்திகளாகக் கட்டப்பட்டன. உயரம் அதிகம் கூடாமலே எடை சுமார் 40 டன்னாகப் பெருகியது. இதுவே ஏ.எஸ்.எல்.வி.

இதில் மூன்று மோட்டார்களும் ஒருசேரப் பற்றவில்லை. முதலில் பக்க உந்திகள் இரண்டும் எரிந்து ஏவூர்தியை எழுப்ப வேண்டும். அவை அடங்கும் வேளையில் நடு மோட்டார் வானில் பற்ற வேண்டும். 1987 மார்ச் 24 அன்று நடந்த முதல் பயணத்தில் பக்க உந்திகள் சரியாக எரிந்தன; நடு மோட்டார் பற்றவே இல்லை. 1988 ஜூலை 13 அன்று நடந்த இரண்டாம் பயணத்தில் நடு மோட்டார் பற்றியது. ஆனால் பக்க உந்திகளின் விசை அடங்கியதற்கும் நடு மோட்டார் விசை பெற்றதற்கும் இடையே விழுந்த சிறு இடைவெளியில், காற்றின் அழுத்தம் மிகுந்த உயரத்தில், ஏவூர்தி கட்டுப்பாட்டை இழந்து முறிந்தது.

இவ்விரு தோல்விகளும் நாட்டில் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. அவற்றிலிருந்து பெற்ற பாடம் தெளிவானது: மோட்டார்களின் எரிகாலம் ஒவ்வொரு முறையும் சிறிது மாறும், ஆகவே முன்கூட்டிக் குறித்த கடிகார நேரத்தை மட்டும் நம்பி அடுத்த மோட்டாரைப் பற்றவைக்கக் கூடாது. பக்க உந்திகளின் விசை உண்மையிலேயே குறையும் தருணத்தைப் பறக்கும்போதே உணர்ந்து நடு மோட்டாரைப் பற்றவைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. 1992 மே 20 அன்று மூன்றாம் பயணம் வென்றது. 1994 மே 4 அன்று நான்காம் பயணமும் வென்றபின் ஏ.எஸ்.எல்.வி ஓய்வு பெற்றது. அதன் அறிவு பி.எஸ்.எல்.வி.க்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறு உந்திகளும் கோதவாடியும்

பி.எஸ்.எல்.வி.யின் நடு மோட்டார் சுமார் 138 டன் திண்ம எரிபொருள் கொண்டது. அதைச் சுற்றி ஆறு பக்க உந்திகள் கட்டப்படும். தொடக்கத்தில் ஒவ்வோர் உந்தியிலும் 9 டன் எரிபொருள் இருந்தது. நிலவுப் பயணத்துக்கு அது போதாது என்பதால், 12 டன் எரிபொருள் கொண்ட நீண்ட உந்திகள் உருவாக்கப்பட்டன. எக்ஸ்.எல் எனப்படும் இவ்வகை முதன்முதலாகப் பறந்தது 2008 அக்டோபர் 22 அன்று, சந்திரயான்-1ஐச் சுமந்து.

அந்த விண்கலத்தின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. 1958 ஜூலை 2 அன்று பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்தவர். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்று, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் இளநிலைப் பொறியியலும், பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் முதுநிலைப் பொறியியலும் முடித்து, 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். ஏவூர்தியை வடிவமைப்பது அவர் பணி அன்று. விண்கலமே அவர் பொறுப்பு. ஆனால் பல ஆண்டு உழைப்பில் உருவான விண்கலம், அதுவரை பறந்திராத ஓர் ஏவூர்தி வகையின் ஆறு உந்திகளை நம்பியே தரையை விட்டு எழ வேண்டியிருந்தது.

எக்ஸ்.எல் வகையில் பற்றவைப்பு வரிசை இவ்வாறு அமைகிறது. முதலில் நடு மோட்டார் பற்றும். அரை வினாடி அளவில் பக்க உந்திகள் இரண்டிரண்டாக, மொத்தம் நான்கு, தரையிலேயே பற்றும். மீதி இரண்டும் சுமார் 25 வினாடி கழித்து வானில் பற்றும். தரையில் பற்றிய நான்கும் 70ஆம் வினாடி அளவிலும், வானில் பற்றிய இரண்டும் 92ஆம் வினாடி அளவிலும் கழன்று விழும். எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ளவை இணையாகப் பற்றுவதால் விசைக்கோடு அச்சிலேயே நிற்கும். ஆறையும் ஒரே நேரத்தில் பற்றவைத்தால் அடர்ந்த காற்றில் வேகம் வரம்பு மீறும். ஆகவே விசை தவணைகளாகப் பிரித்து அளிக்கப்படுகிறது. 1987இல் ஒரு மோட்டாரை வானில் பற்றவைக்கத் தவறிய அமைப்பு, 21 ஆண்டுகள் கழித்து இரண்டை வானில் பற்றவைத்து நிலவுக்கு வழி செய்தது. 2013 நவம்பர் 5 அன்று மங்கள்யானை ஏற்றிச் சென்றதும் இதே எக்ஸ்.எல் வகைதான். அண்ணாதுரை அப்போது அத்திட்டத்தின் நிகழ்ச்சி இயக்குநராக இருந்தார்.

ஜி.எஸ்.எல்.வி: நிறுத்தத் தெரிந்த கொத்து

திண்ம மோட்டாரைப் பற்றவைத்துவிட்டால் நிறுத்த முடியாது. திரவ எஞ்சினை நிறுத்தலாம். இந்த வேறுபாட்டை ஜி.எஸ்.எல்.வி நன்கு பயன்படுத்துகிறது. அதன் நடுவில் திண்ம மோட்டார். சுற்றிலும் நான்கு திரவ எரிபொருள் உந்திகள். நான்கு திரவ உந்திகளும் முதலில், புறப்பாட்டுக்கு ஏறத்தாழ ஐந்து வினாடி முன்பு பற்றவைக்கப்படும். நான்கும் முழு விசைக்கு வந்தனவா என்று கணினி சரிபார்த்த பின்னரே நடு மோட்டார் பற்றும்.

2001 மார்ச் 28 அன்று முதல் ஜி.எஸ்.எல்.வி. ஏவப்பட இருந்தது. உந்திகள் பற்றின, புகை எழுந்தது. நான்கில் ஒன்று தேவையான விசையை எட்டாததைக் கண்ட கணினி, நடு மோட்டார் பற்றுவதற்கு ஒரு வினாடி முன் எல்லாவற்றையும் நிறுத்தியது. ஏவூர்தி மேடையிலேயே பத்திரமாக நின்றது. குறை சரிசெய்யப்பட்டு, மூன்று வாரம் கழித்து ஏப்ரல் 18 அன்று அதே ஏவூர்தி பறந்தது.

சரிபார்ப்புக்குப் பிந்தைய கணத்தில் கோளாறு நேர்ந்தால் இந்தப் பாதுகாப்பும் உதவாது. 2006 ஜூலை 10 அன்று இன்சாட்-4சி செயற்கைக்கோளுடன் புறப்பட்ட ஜி.எஸ்.எல்.வி.யில், தரையை விட்ட கணத்திலேயே ஓர் உந்தியின் விசை சரிந்து அடங்கியது. மீதி மூன்று உந்திகளும் தம் எஞ்சின்களைச் சாய்த்துச் சமாளிக்க முயன்றன. சாய்வு மெல்ல மெல்லப் பெருகி, ஒரு நிமிட அளவில் ஏவூர்தி பாதை விலகியது; வங்கக் கடலுக்கு மேல் அழிக்கப்பட்டது. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு பாகத்தின் குறையே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. மூன்று மோட்டார் மாதிரி ஏவூர்தியில் ஒன்று பற்றாதபோது நிகழ்வதும் இந்தச் சாய்வுதான்.

கோவைக் கல்லூரியின் செயற்கைக்கோள்

பி.எஸ்.எல்.வி.யின் சிறப்புகளில் ஒன்று, சுமைக்கு ஏற்ப உந்திகளின் எண்ணிக்கையை மாற்ற முடிவது. உந்தியே இல்லாத வகை, இரண்டு கொண்ட டி.எல் வகை, நான்கு கொண்ட க்யூ.எல் வகை, ஆறு கொண்ட எக்ஸ்.எல் வகை எனப் பல உண்டு. கருவிப்பெட்டியில் எத்தனை மோட்டார் செருகுவது என்று மாணவர் கணக்கிடுவதைப் போன்றதே இது.

2021 பிப்ரவரி 28 அன்று பறந்த பி.எஸ்.எல்.வி-சி51, இரண்டு உந்திகள் கொண்ட டி.எல் வகையைச் சேர்ந்தது. பிரேசிலின் அமேசோனியா-1 முதன்மைச் சுமை. உடன் சென்ற 18 சிறு செயற்கைக்கோள்களில் ஸ்ரீ சக்தி சாட் ஒன்று. அதை உருவாக்கியது கோவை ஸ்ரீ சக்தி பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி. ஸ்ரீபெரும்புதூர், நாக்பூர் கல்லூரிகளின் செயற்கைக்கோள்களுடன் சேர்ந்து யூனிட்டிசாட் என்ற தொகுதியாக அது சென்றது.

கோவையின் தொழில் வளமும் இத்துறையைத் தொட்டிருக்கிறது. பஞ்சாலைகளுக்கு எந்திரம் செய்வதற்காக 1962இல் தொடங்கப்பட்ட லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், பிற்காலத்தில் உயர்தொழில்நுட்ப மையம் ஒன்றை அமைத்து விமான, விண்வெளிப் பாகங்களைச் செய்துவருகிறது. நூற்பாலைக் கதிர்களும் பம்புகளும் கடைந்து பழகிய ஊருக்கு நுண்ணிய உலோக வேலை புதிதன்று. கொத்து ஏவூர்திக்கு வேண்டியதும் அதுவே: ஒரு பாகத்தைப்போலவே அடுத்த பாகமும் அச்சு மாறாமல் அமைவது.

கொங்கு நிலத்தில் பறக்கவிடுவது

மாதிரி ஏவூர்தி பறக்கவிட நினைக்கும் கொங்கு மாணவருக்கு முதல் எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை பலமாக வீசும். பல்லடம், உடுமலைப் பகுதிகளின் காற்றாலைகள் இந்தக் காற்றை நம்பியே நிறுவப்பட்டவை. மெதுவாக எழும் ஏவூர்தி காற்றை நோக்கித் திரும்பிச் சாய்ந்து பறக்கும். இறங்கும்போது பாராசூட் அதைத் தென்னந்தோப்புக்குள் கொண்டுபோய்விடும். விரைவாக எழும் கொத்து ஏவூர்தி முதல் இடரைக் குறைக்கும், இரண்டாவதைக் குறைக்காது. காற்று அடங்கிய காலையும், மரமற்ற திறந்த நிலமும் தேவை. காய்ந்த புல் தீப்பிடிக்காதபடி ஏவுமேடையின் அடியில் தகடு வைப்பதும் அவசியம்.

இரண்டாவது, சட்டம். இந்தியாவில் வெடிபொருள்களைத் தயாரிப்பதும் வைத்திருப்பதும் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. பட்டாசைப் பிரித்து மருந்து எடுப்பதும், வீட்டில் மருந்து கலப்பதும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. கோவையில் பீளமேட்டு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருப்பதால் வான்பரப்புக் கட்டுப்பாடும் உண்டு. கல்வி நிறுவனம் ஒன்றின் பொறுப்பில், உரிய அனுமதியுடன் மட்டுமே மருந்து மோட்டார்களைப் பறக்கவிடலாம்.

அனுமதி தேவைப்படாத அளவில் இதே பாடத்தைக் கற்க நீர் ஏவூர்தி உதவும். பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடைத்து விடுவிப்பது அது. மூன்று பாட்டில்களைக் கொத்தாகக் கட்டினால் மூன்றின் வாயும் ஒரே நொடியில் திறக்க வேண்டும். ஒன்று அரை நொடி தாமதித்தாலும் ஏவூர்தி பக்கவாட்டில் பாயும். மூன்றுக்கும் பொதுவான ஒரே விடுவிப்புப் பட்டையைச் செய்வதும், மூன்றிலும் நீரும் அழுத்தமும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று ஏவும் முன் சரிபார்ப்பதும் அந்த வேலையின் பெரும்பகுதி. ஸ்ரீஹரிகோட்டாவில் கணினி கடைசி ஐந்து வினாடியில் செய்வதும் இந்தச் சரிபார்ப்பையே.